குழந்தை வளர்ச்சி ஸ்கிரீனிங்: மழலையர் பள்ளிகளுக்குத் துணைநிற்கும் ஆலோசகருக்கு முழுமையான வழிகாட்டி

மழலையர் பள்ளி, குழந்தைகள் காப்பகம் போன்ற இடங்களுக்குச் சென்று, அங்குள்ள ஆசிரியர்களும் பெற்றோரும் குழந்தைகளின் வளர்ச்சியை முறையாகச் சோதித்துப் பார்க்க உதவுவதுதான் இந்த வேலை. படிவத்தை நிரப்புவதும் மதிப்பெண்ணைக் கூட்டுவதும் இதில் எளிய பகுதி. ஒரு மாதத்தில் கை பழகிவிடும். மதிப்பெண் குறைந்த குழந்தை உரிய நிபுணர் முன் போய் உட்காரும் வரை இடையில் ஒரு தூரம் இருக்கிறது. குழந்தைகள் தவறிப்போவது அங்கேதான், ஆலோசகர் தேவைப்படுவதும் அங்கேதான். கீழே வரும் ஒவ்வொரு படியையும் அந்தத் தூரத்தை மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம்.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கண்காணிப்பு, ஸ்கிரீனிங், முழு மதிப்பீடு என்ற மூன்றும் பேச்சில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஆசிரியர் தினமும் குழந்தையைப் பார்த்துக் குறித்து வைப்பது கண்காணிப்பு. தரப்படுத்திய ஒரு கருவியைக் கொண்டு, குறிப்பிட்ட வயதில், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே விதமாகச் செய்வது ஸ்கிரீனிங். தகுதி பெற்ற நிபுணர் நேரில் பல மணி நேரம் சோதித்து முடிவு சொல்வது முழு மதிப்பீடு. ஆலோசகரின் இடம் நடுவில் இருப்பது. "இந்தக் குழந்தைக்கு ஆட்டிசம்", "இது மனவளர்ச்சிக் குறைபாடு" என்ற சொற்கள் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. அந்த முடிவுக்கான தகவல் உங்கள் கையில் இல்லை.

நல்ல கருவிக்கும் 70 முதல் 80 சதவீத நுண்ணறிதிறன் (தாமதம் உள்ள குழந்தையைச் சரியாகக் கண்டுபிடிக்கும் திறன்) இருந்தால் போதும் என்பதே பொதுவாக ஏற்கப்படும் அளவு. உண்மையில் தாமதம் உள்ள பத்துக் குழந்தைகளில் இரண்டு மூன்று பேர் ஒரு முறைச் சோதனையில் 'தேறி' விடலாம் என்று இதற்குப் பொருள். ஒரு தடவை பார்த்து நிறுத்தாமல் வெவ்வேறு வயதில் திரும்பத் திரும்பச் செய்வது இதனால்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பொது வளர்ச்சிக்கு 9, 18, 30 மாதங்களிலும், ஆட்டிசத்துக்கு 18, 24 மாதங்களிலும் ஸ்கிரீனிங் செய்யப் பரிந்துரைக்கிறது. இடையில் பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ கவலை எழுந்தால் அட்டவணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

படி 1: படிவத்துக்கு முன் ரெஃபரல் பட்டியல்

பெரும்பாலோர் கருவி வாங்குவதில் தொடங்குவார்கள். அது தலைகீழ் வரிசை. சிக்கல் தெரிந்த பிறகு குழந்தையை எந்த நிபுணரிடம் அனுப்புவது (இந்த அனுப்புதலே ரெஃபரல்) என்று தெரியாவிட்டால், பெற்றோருக்குக் கவலையை மட்டும் கொடுத்தவர்களாகிறோம்.

செவித்திறன் பரிசோதனை, கண் பரிசோதனை, குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்), குழந்தை உளவியலாளர் ஆகிய ஏழு வரிசைகளோடு ஒரு தாளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடங்களாவது வேண்டும். தொலைபேசி எண்ணை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். நீங்களே அழைத்துக் கேளுங்கள்: எந்த வயதுக் குழந்தைகளைப் பார்க்கிறார்கள், எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், மருத்துவர் கடிதம் தேவையா, கட்டணம் எவ்வளவு, எந்த மொழியில் பேசுவார்கள். இந்தப் பட்டியல் ஆறு மாதத்தில் பழசாகிவிடும், அதற்குள் திரும்ப அழைத்துச் சரிபார்க்க வேண்டும்.

பிறகுதான் பள்ளித் தலைமையோடு பேச்சு. யார் படிவம் கொடுப்பார், யார் கூட்டுவார், முடிவை யார் பெற்றோரிடம் சொல்வார், தாள்கள் எந்தப் பூட்டிய அலமாரியில் இருக்கும் என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். ஐந்தாவதாக, மதிப்பெண் குறைந்ததைக் காரணமாக்கிக் குழந்தையைப் பள்ளியிலிருந்து நீக்க மாட்டோம் என்ற உறுதியும் வேண்டும். இது இல்லாத இடத்தில் பெற்றோர் உண்மையை எழுத மாட்டார்கள்.

படி 2: கருவியைத் தேர்ந்தெடுத்தல்

பரவலாகப் பயன்படும் பொதுக் கருவி ஏ.எஸ்.க்யூ-3. பெற்றோரே நிரப்பும் வினாப்படிவம் இது. 1 மாதம் முதல் 66 மாதம் வரையிலான வயதுக்கு 21 படிவங்கள் உள்ளன. தொடர்பாடல், பெருந்தசை இயக்கம், நுண்தசை இயக்கம், சிக்கல் தீர்த்தல், தன்வேலையும் பழகுதலும் என ஐந்து பிரிவுகள், பிரிவுக்கு ஆறு கேள்விகள், ஆக மொத்தம் 30. நிரப்ப 10 முதல் 15 நிமிடம், கூட்ட இரண்டு மூன்று நிமிடம். விலை கொடுத்து வாங்க வேண்டிய கருவி இது. உணர்வு, நடத்தை பற்றிய கவலைக்கு இதன் துணைக் கருவியான ஏ.எஸ்.க்யூ:எஸ்.இ-2 தனியாக இருக்கிறது.

ஆட்டிசத்துக்கு எம்-சாட்-ஆர்/எஃப். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு மட்டுமே உரியது, 20 கேள்விகள், இலவசம். மூன்று வயதுக் குழந்தைக்கு இதைக் கொடுத்து முடிவு சொல்வது அடிக்கடி நடக்கும் பிழை. அந்த வயதில் இதன் மதிப்பெண்ணுக்குப் பொருள் கிடையாது.

செலவே தடையென்றால் எஸ்.டபிள்யூ.ஒய்.சி என்ற இலவசக் கருவி உண்டு. பிறந்த சில மாதங்களிலிருந்து ஐந்தரை வயது வரை பொருந்தும்.

இணையத்தில் கிடைக்கும் 'வளர்ச்சி மைல்கல்' பட்டியல்கள் பெற்றோரோடு பேச நல்ல துணை. ஆனால் அவை ஸ்கிரீனிங் கருவிகள் ஆகா, வெட்டுப்புள்ளி (மதிப்பெண் இதற்குக் கீழே போனால் முழு மதிப்பீடு தேவை என்ற எல்லை) கணக்கிட்டு உருவாக்கப்பட்டவை அல்ல. மொழிபெயர்ப்பிலும் கவனம் தேவை. படிவத்தை நீங்களே பெயர்த்துக் கொடுக்காதீர்கள், வெளியீட்டாளர் அனுமதித்த மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால், இரு மொழியும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கேள்வியை விளக்கி, விடையை மூலப் படிவத்தில் குறிக்கட்டும். அப்படிச் செய்ததைத் தாளிலேயே எழுதிவையுங்கள்.

படி 3: ஒப்புதல்

ஒப்புதல் தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. என்ன செய்யப்போகிறோம், யார் பார்ப்பார்கள், யாருக்குக் காட்ட மாட்டோம், மறுக்கலாம், பிறகு மனம் மாறலாம் என்ற ஐந்தும் இருந்தால் போதும். சேர்க்கைப் படிவத்தின் கட்டுக்குள் செருகிக் கையெழுத்து வாங்கினால் பெற்றோர் படிக்காமல் போடுவார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு முடிவைச் சொல்ல அழைக்கும்போது, "எங்களைக் கேக்காம எப்படி என் பிள்ளையை டெஸ்ட் பண்ணீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நேரில் இரண்டு நிமிடம் சொல்லி வாங்குங்கள்.

படி 4: வயதைக் கணக்கிடுதல்

தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான் விழுகிறது. தவறான வயதுப் படிவம் கொடுத்தால் அதன்பின் எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

ஸ்கிரீனிங் நாளிலிருந்து பிறந்த நாளைக் கழிக்க வேண்டும். நாள் போதாவிட்டால் ஒரு மாதத்தை 30 நாளாகவும், மாதம் போதாவிட்டால் ஒரு வருடத்தை 12 மாதமாகவும் கடன் வாங்குங்கள். சோதனை நாள் 2025 ஜூன் 10, பிறந்த நாள் 2023 டிசம்பர் 25 என்று வைத்துக்கொள்வோம். 10-இலிருந்து 25 போகாது. கடன் வாங்கினால் 40 − 25 = 15 நாள். ஜூன் 6 இப்போது 5, அதிலிருந்து 12 போகாது. 17 − 12 = 5 மாதம். வருடம் 2024 − 2023 = 1. ஆக 1 வருடம் 5 மாதம் 15 நாள், அதாவது 17 மாதம் 15 நாள்.

குறைமாதப் பிறப்பு என்றால் அடுத்த படி உண்டு. குறித்த நாளுக்கு 3 வாரமோ அதற்கு மேலோ முன்னால் பிறந்த குழந்தைக்கு, 24 மாத வயது வரை அந்த வாரங்களைக் கழித்துத் திருத்திய வயதை எடுக்க வேண்டும். மேலே சொன்ன குழந்தை 32 வாரத்தில் பிறந்திருந்தால், 40-க்கு 8 வாரம் குறைவு. 4 வாரத்தை ஒரு மாதமாகக் கொண்டால் 2 மாதம். திருத்திய வயது 15 மாதம் 15 நாள்.

இப்போது வித்தியாசத்தைப் பாருங்கள். ஏ.எஸ்.க்யூ-3-இல் 17 மாதம் 0 நாள் முதல் 18 மாதம் 30 நாள் வரை 18 மாதப் படிவம். 15 மாதம் 0 நாள் முதல் 16 மாதம் 30 நாள் வரை 16 மாதப் படிவம். திருத்தம் செய்ய மறந்தால் இந்தக் குழந்தை இரண்டு மாதம் மூத்த பிள்ளைகளோடு ஒப்பிடப்பட்டு, தேவையே இல்லாமல் 'தாமதம்' என்ற பட்டியலில் விழும்.

ஆகவே சேர்க்கைப் பதிவில் எத்தனை வாரத்தில் பிறந்தது என்ற கேள்வியைச் சேர்க்கச் சொல்லுங்கள். "குறைமாதமா?" என்று மட்டும் கேட்டால் பலர் இல்லை என்பார்கள். "சொன்ன தேதிக்கு எத்தனை வாரம் முன்னாடி பொறந்தான்?" என்று கேட்டால் எண் கிடைக்கும்.

படி 5: படிவத்தை நிரப்ப வைத்தல்

படிவத்தை வீட்டுக்குக் கொடுத்துவிட்டு நாலைந்து நாள் அவகாசம் தருவது நல்லது. பல கேள்விகள் குழந்தையிடம் செய்து பார்த்துத்தான் விடையளிக்க வேண்டியவை. நினைவிலிருந்து எழுதும் பெற்றோர் ஒன்று கூட்டிச் சொல்வார்கள், அல்லது குறைத்துச் சொல்வார்கள்.

வீட்டில் பொருள் இருக்காது என்று எண்ணி ஒரு பையைத் தயாராக வையுங்கள்: சுமார் 2.5 செ.மீ. பக்கமுள்ள ஏழெட்டு மரக்கட்டைகள், தடித்த கிரேயான், வெற்றுத் தாள், நடுத்தரப் பந்து, கெட்டி அட்டைப் படப் புத்தகம், உடையாத சிறு கண்ணாடி, வாய் குறுகிய பிளாஸ்டிக் பாட்டில், கோக்கும் கயிறும் பெரிய மணிகளும். மணிகள் தொண்டையில் சிக்கக்கூடியவை. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையிடம் பெரியவர் கண் முன்னால் மட்டுமே கொடுக்க வேண்டும், முடிந்ததும் எண்ணி எடுத்து வைக்க வேண்டும்.

விடைகள் 'ஆம்', 'சில சமயம்', 'இன்னும் இல்லை' என மூன்று. குழப்பம் எப்போதும் நடுவில் இருப்பதில்தான். இப்போதுதான் செய்யத் தொடங்கியிருக்கிறது, அல்லது எப்போதாவது செய்கிறது என்றால் 'சில சமயம்'. முன்பு செய்து, அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டதால் இப்போது செய்யாத ஒன்றுக்கு 'ஆம்' என்றே குறிக்க வேண்டும். ஓடுகிற குழந்தை தவழாததற்காக மதிப்பெண் இழக்கக் கூடாது. ஆனால் பேசிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை இழந்துவிட்டால் அது வேறு விஷயம், அதைப் பின்னால் பார்ப்போம்.

வாய்ப்பே கிடைக்காததும் ஒரு சிக்கல். வீட்டில் படிக்கட்டு இல்லை, கத்தரிக்கோலைக் கையில் கொடுத்ததே இல்லை, ஊட்டிவிடுவதே வழக்கம். அந்தக் கேள்விக்கு உடனே 'இல்லை' போடாமல், இரண்டு வாரம் பாதுகாப்பாக வாய்ப்புக் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். குழந்தைக்கு முடியவில்லை என்பதும் முயன்றதே இல்லை என்பதும் வேறு வேறு. தாளின் ஓரத்தில் எது என்று எழுதுங்கள்.

இரண்டு மொழி கேட்டு வளரும் குழந்தையின் சொற்களை இரண்டு மொழியிலும் சேர்த்து எண்ண வேண்டும். வீட்டுச் சொல் பத்து, பள்ளிச் சொல் எட்டு என்றால் அது பதினெட்டுச் சொல் பேசும் குழந்தை. இரு மொழி கேட்பதால்தான் பேச்சு தாமதம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. அதைக் காரணமாகச் சொல்லி ரெஃபரலைத் தள்ளிப்போடவும் கூடாது, வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லவும் கூடாது.

பள்ளியில் செய்து பார்ப்பதானால் காலையில், வயிறு நிறைந்திருக்கும்போது, பழகிய ஆசிரியரோடு. தூங்கி எழுந்த முகத்தோடும் சளி காய்ச்சலோடும் செய்த சோதனையைத் தூக்கிப்போடலாம். ஆசிரியருக்குப் பயிற்சி தரும் முதல் நாளில், இரண்டு ஆசிரியர்கள் ஒரே குழந்தையைத் தனித்தனியே பார்த்து ஒரே படிவத்தை நிரப்பட்டும். எங்கெங்கே வேறுபட்டார்கள் என்று உட்கார்ந்து பேசுங்கள். ஒரு மணி நேர விரிவுரையை விட இது நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது.

படி 6: மதிப்பெண்

ஆம் 10, சில சமயம் 5, இன்னும் இல்லை 0. பிரிவுக்கு அதிகபட்சம் 60. ஐந்து பிரிவுகளையும் ஒன்றாகக் கூட்டி 'மொத்தம் 230' என்று எழுதுவது பொருளற்றது. பிரிவுக்குப் பிரிவு வெட்டுப்புள்ளி வேறு. 24 மாதப் படிவத்தில் தொடர்பாடலுக்கு 25.17, பெருந்தசை இயக்கத்துக்கு 38.07. தொடர்பாடலில் 35 எடுத்த குழந்தை வெட்டுப்புள்ளிக்கு மேலே நிற்கிறது, பெருந்தசையில் அதே 35 கீழே விழுந்துவிடுகிறது.

ஒரு பிரிவில் விடுபட்ட கேள்வி இருந்தால் முதலில் பெற்றோரை அழைத்துக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு வரை ஈடு கட்டலாம். விடையளித்த ஐந்தின் கூட்டுத்தொகை 45 என்றால் சராசரி 9, அதையே ஆறாவதுக்கும் கொடுத்து 54. நான்குக்கு 30 என்றால் சராசரி 7.5, இரண்டுக்கு 15 சேர்த்து 45. மூன்று விடுபட்டால் அந்தப் பிரிவுக்கு மதிப்பெண் போடக் கூடாது.

சராசரிக்கு இரண்டு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்ற அளவு) கீழே இருப்பது வெட்டுப்புள்ளி, அதற்கும் கீழே போனால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலான பகுதி கவனிப்பு மண்டலம். படிவத்தின் கடைசியில் மதிப்பெண் இல்லாத பொதுக் கேள்விகள் இருக்கின்றன: காது கேட்கிறதா, பார்வையில் கவலை உண்டா, வேறு ஏதாவது உறுத்துகிறதா. பலர் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை. ஐந்து பிரிவிலும் 60 வாங்கிய குழந்தையின் அம்மா "கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்குறான்" என்று அங்கே எழுதியிருந்தால், அந்த ஒரு வரிக்காகவே தொடர்நடவடிக்கை எடுக்க வேண்டும்.

எம்-சாட்டில் 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளுக்கு 'ஆம்' என்பது கவலைக்குரிய விடை, மற்ற பதினேழுக்கும் 'இல்லை'. இதை மறந்து கூட்டினால் முடிவே மாறிவிடும். கவலைக்குரிய விடைகளின் எண்ணிக்கையே மதிப்பெண். 0–2 என்றால் ஆட்டிசத்துக்குக் குறைந்த சாத்தியம். குழந்தை 24 மாதத்துக்குள் இருந்தால் இரண்டாவது பிறந்த நாளுக்குப் பிறகு திரும்பச் செய்ய வேண்டும். 3–7 வந்தால் கவலைக்குரிய விடை வந்த கேள்விகளுக்கு மட்டும் தொடர் நேர்காணல், அதற்குப் பிறகும் 2 அல்லது மேல் நின்றால் ரெஃபரல். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேர்காணல் தேவையில்லை, நேராக அனுப்புங்கள். தொடர் நேர்காணலைத் தவிர்த்துவிட்டு 3 வாங்கிய எல்லோரையும் அனுப்பினால், நிபுணரின் வரிசை தேவையற்றவர்களால் நிரம்பி, தேவையான குழந்தை பின்னால் நிற்கும்.

மதிப்பெண் எதுவாக இருந்தாலும் காத்திருக்கக் கூடாதவை

இவற்றை ஆசிரியர் அறையில் ஒட்டி வைக்கலாம். ஒன்பது மாதத்தில் தானாக உட்காராதது, பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலியோ சைகையோ இல்லாதது, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாதது. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லாதது. 18 மாதத்தில் நடக்காதது. 24 மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசாதது. ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவதும் இதில் சேரும். 'இடக்கைப் பழக்கம்' என்று பெரியவர்கள் மகிழ்ந்து கடந்துவிடுவார்கள், ஆனால் மற்றக் கையின் பலவீனம் காரணமாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் அவசரமானது, இருந்த திறன் போய்விடுவது. எந்த வயதிலும், பேசிய சொல்லோ நடையோ பழகும் விதமோ மறைந்தால் அந்த வாரமே மருத்துவர் பார்க்க வேண்டும்.

பேச்சுத் தாமதம் எதுவானாலும் முதல் ரெஃபரல் செவித்திறன் பரிசோதனைக்கு. பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறியது போதாது. பின்னால் வரும் செவித்திறன் குறைவும், நடுக்காதில் நீர் கோர்ப்பதும் அதில் தெரியாது.

படி 7: பெற்றோரோடு பேசுதல்

வாசலில், பிள்ளையை அழைத்துப் போக வந்த அவசரத்தில் இதைச் சொல்லக் கூடாது. கதவடைத்த அறை, இருபது நிமிடம், முடிந்தால் வீட்டில் முடிவெடுக்கும் இன்னொருவரும் கூடவே. தாத்தா பாட்டி வளர்க்கும் குழந்தையானால் அவர்களும். குழந்தை அந்த அறையில் இருக்க வேண்டாம்.

முதலில் பேசுவது அவர்களாக இருக்கட்டும். "வீட்ல அவனைப் பாக்கும்போது உங்களுக்கு எப்படித் தோணுது?" பாதிப் பேர் தாங்களே சொல்லிவிடுவார்கள், பல மாதமாக யாரும் கேட்கவில்லை என்பதுதான் குறை. பிறகு குழந்தைக்கு நன்றாக வருவதை உண்மையாக, குறிப்பாகச் சொல்லுங்கள். அதன்பின் அவர்கள் எழுதிய விடையையே காட்டுங்கள்: "நீங்க குறிச்சதை வெச்சுப் பாத்தா, நடக்கிறது, ஓடுறது, தானா சாப்பிடுறது எல்லாம் வயசுக்கு ஏத்தபடி இருக்கு. பேச்சுப் பகுதி மட்டும் இந்தக் கோட்டுக்குக் கீழ வருது. ஏன்னு இந்தத் தாளால சொல்ல முடியாது. காது ஒரு தடவை பரிசோதிச்சுட்டு, பேச்சுப் பயிற்சியாளர்கிட்ட காட்டினா தெரியும்."

சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதியை நிரப்பும் ஆசையில்தான் "ஒண்ணும் இருக்காது, கவலைப்படாதீங்க" என்ற சொல் தவறி விழும். நல்லெண்ணத்தோடு சொல்லும் அந்த ஒரு வரியால் ரெஃபரல் நின்றுபோகும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று கேட்டால் மறுக்க வேண்டியதில்லை: "இருக்கலாங்க. அப்படித்தான்னா நல்லதுதான், பாத்தபிறகு நிம்மதியா இருக்கலாம். உதவி தேவைன்னா சீக்கிரம் தொடங்கினது அவனுக்கு நல்லது." சிலர் அழுவார்கள், சிலர் கோபப்படுவார்கள், சிலர் பதில் சொல்லாமல் எழுந்து போவார்கள். எழுந்து போனவரை ஒரு வாரம் கழித்து அழையுங்கள். மறுப்பு பெரும்பாலும் அதிர்ச்சியின் முதல் வடிவம்.

கவனிப்பு மண்டலத்தில் உள்ளவர்களுக்கு வீட்டில் செய்ய இரண்டு விளையாட்டுகள் மட்டும் சொல்லுங்கள். பத்துப் பக்கம் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. இரண்டு மூன்று மாதத்தில், அப்போதைய வயதுக்குரிய படிவத்தால் மறுபடி பாருங்கள்.

படி 8: ரெஃபரலும் அதன்பின் தொடர்தலும்

காகிதத்தில் எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்புவது பலவீனமான ரெஃபரல். பெற்றோர் சம்மதித்தால் அவர்கள் முன்னாலேயே அழைத்து நாள் வாங்குங்கள். கடிதத்தில் கருவியின் பெயர், சோதித்த நாள், திருத்திய வயது, ஐந்து பிரிவு மதிப்பெண், வெட்டுப்புள்ளி, பெற்றோரின் கவலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே, ஆசிரியர் பார்த்த இரண்டு எடுத்துக்காட்டு ஆகியவை ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். "கவனம் இல்லை" என்று எழுதாதீர்கள். "கதை நேரத்தில் இரண்டு நிமிடத்துக்குள் எழுந்துபோகிறான், பாட்டுக்கு ஐந்து நிமிடம் உட்காருகிறான்" என்று எழுதினால் நிபுணருக்குப் பயன்படும். படிவத்தின் புகைப்படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதைப் பள்ளியில் முதல் நாளே தடுத்துவிடுங்கள்.

தொடர்வதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நெடுவரிசைகள்: ஒப்புதல், சோதித்த நாள், முடிவு, பெற்றோரிடம் சொன்ன நாள், ரெஃபரல் நாள், நிபுணரைப் பார்த்த நாள், தெரபி தொடங்கிய நாள், அடுத்த ஸ்கிரீனிங். வாரம் ஒரு நாள் அதைத் திறந்து, 'ரெஃபரல் நாள்' நிரம்பி 'பார்த்த நாள்' காலியாக இருக்கும் வரிசைகளை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். இரண்டு வாரம் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்பு. "போனீங்களா?" என்று கேட்டால் கண்டிப்பது போலிருக்கும். "போறதுல ஏதாவது சிரமம் இருந்துச்சா?" என்று கேளுங்கள். வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை, பஸ் இரண்டு மாற வேண்டும், மாமியாருக்குத் தெரியக் கூடாது, கட்டணம் கட்ட முடியவில்லை என்று காரணம் வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் உதவி வேறு, அதனால் காரணத்தையும் நோட்டில் எழுதுங்கள்.

பள்ளித் தலைமைக்கு அறிக்கை கொடுக்கும்போது எத்தனை படிவம் நிரம்பியது என்பதோடு நிறுத்தாதீர்கள். அனுப்பியவர்களில் எத்தனை பேர் நிபுணரைப் பார்த்தார்கள் என்ற எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த எண் குறைவாக இருந்தால், அடுத்த பருவத்தில் புதிய ஸ்கிரீனிங்கைத் தொடங்கும் முன் பழைய வரிசைகளை முடிக்க நேரம் ஒதுக்குங்கள். நிபுணர் பார்த்து 'தாமதம் இல்லை' என்று சொன்ன குழந்தைக்கும் நோட்டில் அடுத்த ஸ்கிரீனிங் நாள் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் வரும்படி அதைக் குறியுங்கள்.